குளத்துப் புல்லும் பால்காய்ச்சுப் பசுவும்

ஒரு பசுவின் கழுத்தை ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அந்த ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன்.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் கழிந்த நேரம். ஓலை வேய்ந்த தொழுவம். நடுவில் படுத்திருந்த பசுவின் பெயர் அம்பிளி. நெற்றியில் பிறை மாதிரி ஒரு வெள்ளை இருந்ததால் அந்தப் பெயர். மலையாளத்தில் நிலாவை அப்படித்தான் சொல்வார்கள். குலசேகரம் பக்கத்தில் கன்றாக வாங்கியபோதே பெயரும் கூட வந்துவிட்டது.

அவளுக்குப் பக்கத்தில், சாணி மெழுகிய தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் பகவதி அக்கா. பசுவுக்குச் சொந்தக்காரி. எதிரே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் கால்நடை மருத்துவர் ஷைனி. வாசலை அடைத்துக்கொண்டு அக்காவின் குழுவைச் சேர்ந்த பெண்கள். மூலையில் யார் காலையும் மிதித்துவிடாமல் ஒடுங்கி நின்றவன் நான்.

மாடு தின்ற தீனி வயிற்றில் இருந்து உருண்டையாகத் திரும்ப வாய்க்கு வரும். அப்போதுதான் அது அசைபோடும். அந்த உருண்டை கழுத்து வழியாக ஏறுவது வெளியே இருந்து பார்த்தாலே தெரியும். அம்பிளியின் கழுத்தில் வெள்ளிக்கிழமையில் இருந்து எதுவும் ஏறவில்லை.

ஏறினால் அவள் பிழைத்தாள். ஏறாவிட்டால் அவளும் போவாள், கூடவே அந்தப் பெண்கள் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுத்து, மாசக்கணக்கில் மூடி வைத்திருந்த டிரம் டிரம்மான புல்லும் குளத்துக்கே திரும்பப் போகும். அடுத்த அறுப்பு வரை அவர்களுடைய மாடுகளுக்கு வேறு தீனி கிடையாது.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி போகும் வழியில் ஒரு குளக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொள்ள அக்கா சம்மதித்தார். ஊர் மட்டும் வேண்டாம் என்றார்.

பொடிக்காரன்

நான் அங்கே எதற்கு நின்றேன் என்று கேட்பீர்கள். இந்தத் தொடரை ஆரம்பத்தில் இருந்து படிப்பவர்களுக்கு நான் முதலில் மனிதர்களுக்கு இருமல் மருந்து விற்றவன் என்பது தெரியும். டாக்டர்களின் வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்து முதுகு கூனிய பிறகு, மாட்டுத் தீவனப் பொடி விற்கும் கம்பெனிக்கு மாறினேன். காத்திருப்பு குறைந்தது. வசவு கூடியது.

நான் விற்ற பொடிக்குப் புரோபயாட்டிக் என்று பெயர். அந்தச் சொல்லை எந்தத் தொழுவத்தில் சொன்னாலும் மாடு உட்பட எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் “நல்ல கிருமி” என்று சொல்லப் பழகினேன். மாட்டின் வயிறு பெரிய அடுக்களை. புல்லைத் தின்பது மாடுதான், ஆனால் அதைச் சாப்பாடாக்குவது வயிற்றுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள். பொடிக்குள் இருப்பதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான், உறங்கிக்கொண்டு இருக்கும். இப்படிச் சொன்னால் கொஞ்சம் காது கொடுப்பார்கள்.

கிருமியைக் காசு கொடுத்து வாங்கவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. காலையில் பழங்கஞ்சி குடித்துவிட்டுத்தானே வயலுக்குப் போகிறீர்கள், அதைப் புளிக்கவைப்பதும் இந்த மாதிரி நல்ல கிருமிதான் என்பேன். அப்படியென்றால் மாட்டுக்கும் பழங்கஞ்சியே கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். என் உதாரணமே என் வியாபாரத்தைக் கெடுத்த நாட்கள் நிறைய.

வாங்கியவர்களும் என் பிராணனை எடுத்தார்கள். இங்கே மாட்டுக்குக் காடி வைக்காத வீடு இல்லை. அரிசி கழுவிய தண்ணீரும் கஞ்சியும் தவிடும் சேர்ந்த அந்தக் காடியை ஆவி பறக்கக் காய்ச்சி, அடுப்பில் இருந்து இறக்கிய சூட்டில் என் பொடியை அள்ளிப் போடுவார்கள். உயிருள்ள பொருளை வேகவைத்துவிட்டு, பொடியில் ஒன்றும் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு வீட்டில் அடுப்பையே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன். அந்த வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

குளத்துக்குள் இறங்கியவர்கள்

பகவதி அக்கா அந்த ரகம் இல்லை. காடி ஆறுகிற வரை பக்கத்தில் நின்று விரலை விட்டுப் பார்த்துத்தான் பொடி போடுவார். மகன் மஸ்கட்டில் வேலை பார்த்தான். கணவர் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும் அம்பிளியும்தான். சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். ஊரில் மாடு வைத்திருந்த பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர்தான் தலைவி.

அந்த வருஷம் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுப்பு நேரத்தில் மழை விடாமல் பெய்தது. நெல்லை எப்படியோ கரை சேர்த்தார்கள். வைக்கோல் வயலிலேயே கிடந்து கறுத்து, பூசணம் பூத்து, கையில் எடுத்தால் சேறாக வழிந்தது. திருநெல்வேலி பக்கம் இருந்து லாரியில் வரும் வைக்கோலுக்கு விலை கேட்கவே பயம்.

வைக்கோலைக் கெடுத்த அதே மழை குளத்தை நிரப்பியது. ஓரமெல்லாம் எருமைப்புல் ஆள் உயரத்துக்கு மண்டியது. பச்சையாக எவ்வளவுதான் தின்னமுடியும்? இரண்டு மாசத்தில் முற்றிவிடும், பிறகு மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

அப்போதுதான் டாக்டர் ஷைனி வந்து ஒரு கூட்டம் போட்டார். கடற்கரை ஊர்க்காரர், வயசு முப்பதுக்குள். எங்கள் ஊரில் மீனை உப்புப் போட்டு மாசக்கணக்கில் வைக்கிறோம், நீங்கள் புல்லைக் காற்றுப் படாமல் வையுங்கள், தானாகப் புளித்துக் கெடாமல் இருக்கும் என்றார். டிரம்முக்குள் தூவ ஒரு பொடி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டதும் அவர்தான்.

செய்து பார்த்தபோதுதான் அதன் பாடு தெரிந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார்கள். கரையேறும்போது கெண்டைக்காலில் அட்டை தொங்கும். ஈரப்புல்லை அப்படியே மூடினால் அழுகிவிடும் என்பதால் குளத்தங்கரை நெடுகப் பரப்பி அரை நாள் வாடவிட்டார்கள். துண்டு துண்டாக வெட்டி, வெல்லம் கரைத்த தண்ணீரும் என் பொடியும் தெளித்து, ரப்பர் பால் கொண்டுபோகும் பழைய நீல டிரம்களில் அடைத்தார்கள்.

அடைப்பதுதான் கஷ்டம். உள்ளே காற்று இருக்கக்கூடாது. ஒருத்தி டிரம்முக்குள் இறங்கி நின்று மிதிக்கவேண்டும், மற்றவர்கள் மேலே இருந்து புல்லைப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மிதிக்க மிதிக்க அவள் மெல்ல மெல்ல உயர்ந்து வருவாள். இடுப்பு தெரியும், முழங்கால் தெரியும், கடைசியில் விளிம்பில் நின்று சாமி வந்தவள் மாதிரி ஆடுவாள். அக்காதான் அதிகம் மிதித்தார். என் எடைக்கு ஒரு உபயோகம் வந்ததே என்று சிரித்தார்.

மூன்று பால்காய்ச்சு

இனி அம்பிளியின் உத்தியோகத்தைச் சொல்லவேண்டும். புதுமனை புகுவதை எங்கள் பக்கத்தில் பால்காய்ச்சு என்போம். விடிவதற்கு முன்பு பசுவையும் கன்றையும் வீட்டுக்குள் அழைத்துச் செல்வார்கள். பழைய வீடுகளில் சிமெண்டுத் தரை, சிக்கல் இல்லை. இப்போது வளைகுடாப் பணத்தில் கட்டும் வீடுகளில் முகம் தெரிகிற டைல்ஸ். பாதிப் பசுக்கள் வாசலில் தன் உருவத்தையே பார்த்து மிரண்டு, நாதஸ்வரக்காரரை முட்டிவிட்டு ஓடும்.

அம்பிளி மிரளமாட்டாள். புகைக்கும் பயமில்லை, மேளத்துக்கும் பயமில்லை. வலது காலை எடுத்துவைத்து, தானே பத்திரம் பதிந்து வாங்கிய வீடு மாதிரி உள்ளே நடந்துபோவாள். அதனால் முகூர்த்தம் குறிக்கும் முன்பே சிலர் அக்காவிடம் வந்து அம்பிளி சும்மா இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அந்த அதிகாலைகளில் பட்டுச்சேலை கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் நெருக்கிக்கொண்டு வந்தன. திங்கள், புதன், வியாழன் என்று ஒரே வாரத்தில் மூன்று வீடு.

அதே புதன்கிழமை சாயங்காலம்தான் முதல் டிரம்மைத் திறந்தார்கள். மற்றவர்கள் மாட்டுக்குக் கொடுக்கும் முன்பு தன் மாட்டுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று அக்கா சொல்லியிருந்தார். தலைவி என்றால் அப்படித்தான். மூடியை எடுத்ததும் அடித்த வாசனையில் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். எனக்கு அது நல்ல வாசனை. பழங்கஞ்சியும் பழுத்த அன்னாசியும் கலந்தது போல இருக்கும். அம்பிளி ஒரு கூடை தின்றாள், இன்னும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

வாயில் போட்ட புல்

எனக்குப் போன் வந்தது சனிக்கிழமை காலையில். நான் இரணியலில் ஒரு கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. “வந்துட்டுப் போங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். அவர் அப்படி அடங்கிப் பேசி நான் கேட்டதே இல்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

போய்ச் சேர்ந்தபோது அம்பிளி கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. வயிற்றில் கைவைத்து ஆட்டினால் குடத்துத் தண்ணீர் மாதிரி சளக் சளக்கென்றது. டாக்டர் ஷைனி முந்தின நாளே வந்து நரம்பில் மருந்து ஏற்றி, சோடா உப்பைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்திருந்தார். அன்றும் ஏற்றிக்கொண்டிருந்தார். உயிர் தங்கியிருந்தது அதனால்தான்.

வாசலில் குழுப் பெண்கள் தயாராக நின்றார்கள். டிரம்களை உருட்டிக் குளத்தில் தள்ளுவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். அழுகின புல்லையும் கிருமிப் பொடியையும் சேர்த்துக் கொடுத்தால் பசு என்ன ஆகும் என்று ஒருத்தி கேட்டாள்.  பதில் சொல்வதை விட்டுவிட்டு, திறந்த டிரம்மில் இருந்து ஒரு பிடி புல்லை எடுத்து வாயில் போட்டு மென்றேன்.

புளிப்பாகத்தான் இருந்தது. பச்சை மாங்காய் அளவுக்கு இல்லை. மென்றுகொண்டே எல்லோரையும் பார்த்தேன். கெட்டுப்போன புல் இல்லை என்று காட்டிவிட்ட பெருமையோடு நின்றேன்.

“நீங்க தின்னா பசுக்கு சரியாயிருமா?” என்று அவள் கேட்டாள்.

துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினேன்.

அதற்குள் டாக்டர் ஷைனி அம்பிளியின் சாணியை ஒரு அரிப்புச் சல்லடையில் போட்டு, தண்ணீர் ஊற்றி அலசிக்கொண்டிருந்தார். எங்கள் சண்டையை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. அலசி முடித்து அரிப்பை வெளிச்சத்தில் நீட்டினார். அடியில் தங்கியிருந்தது பச்சரிசி. முழுசு முழுசாக. கூடவே பழத்தோலின் நார்.

அக்காவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பால்காய்ச்சு வீட்டில் என்ன கொடுத்தார்கள்?

அக்காவின் முகம் மாறியது. எல்லா வீட்டிலும் கொடுப்பதுதான் என்றார். சொளவில், அதாவது முறத்தில், பச்சரிசியும் வெல்லமும், ஒரு சீப்புப் பழமும். வியாழக்கிழமை வீட்டில் மட்டும் ஆள் அதிகம். வெளிநாட்டில் இருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அந்தப் பிறை நெற்றியைப் பார்த்ததும் எல்லோருக்கும் தன் கையால் கொடுக்கவேண்டும் என்று ஆசை. ஆளுக்கு ஒரு பிடி. அள்ள அள்ளச் சொளவு நிறைந்துகொண்டே இருந்தது. அம்பிளி மரியாதை தெரிந்தவள், எந்தக் கையையும் தட்டமாட்டாள்.

அத்தனை அரிசியும் வெல்லமும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் வயிறு கடும் புளிப்பாகிவிடும், அந்தப் புளிப்பில் அடுக்களைக்காரர்களான நல்ல கிருமிகள் எல்லாம் செத்துப்போகும், இது ஒரு கூடை புல்லால் வருவது இல்லை என்று டாக்டர் விளக்கினார். பெண்கள் கேட்டார்கள். தலையாட்டவில்லை. நாஞ்சில் நாட்டில் வந்து நின்றுகொண்டு அரிசி மேல் பழி சொன்னால் யார் நம்புவார்கள்? கண்ணில் ஒற்றிக்கொள்கிற பொருள். கொடுத்தவர்களும் வீடு நிறையவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கொடுத்தவர்கள். ஒருவர் மனசிலும் கெடுதல் இல்லை.

பசு எழுந்து தின்றால் பார்ப்போம், அதுவரை டிரம்மைத் திறக்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம் என்றார்கள். அது கூட அக்காவின் முகத்துக்காகச் சொன்னது.

விதையும் நாற்றும்

நான் பையில் இருந்த பொடிப் பொட்டலங்களை எல்லாம் எடுத்து டாக்டர் முன்னால் வைத்தேன். என்னால் முடிந்தது அதுதான். அவர் சிரித்தார். இரண்டு நாளில் அவர் முதல் தடவை சிரித்தது அப்போதுதான். பிறகு அக்கா பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து பேசினார்.

“அக்கா, அண்ணனுக்க பொடி விதை மாதிரி. விதைச்சு முளைச்சு வாறதுக்கு இவளுக்கு நேரமில்ல. இப்ப வேண்டியது நாத்து. நல்லா இருந்த மாட்டுக்க வயித்துல உள்ள வெள்ளத்த, சூடு ஆறதுக்கு முன்ன எடுத்து இவ வயித்துக்குள்ள விடணும். அதுல எல்லாம் உயிரோட இருக்கும். மனசிலாச்சா?”

அக்கா எங்கே இருந்து என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு மாட்டில் இருந்து எடுக்கலாம், ஆனால் கால் வாளிகூடத் தேறாது, இவளுக்கு ஒரு கேன் வேண்டும் என்றார் டாக்டர். பிறகு சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நாளை ஞாயிற்றுக்கிழமை. இறைச்சிக் கடையில் எருமை வெட்டுவார்கள்.

 வாசலில் நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். புது வீட்டுக்குள் முதல் காலடி வைக்கிற பசு. அதன் வயிற்றுக்குள் வெட்டுக் கடையில் இருந்து வருகிற எருமைத் தண்ணீர். வெளியே தெரிந்தால் இனி எந்த வீட்டு வாசலில் அவளை நிறுத்துவார்கள்? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அக்கா எழுந்து வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு கையில் பால் கேன், மினுக்கமாகத் தேய்த்தது. மறு கையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. உள்ளே கம்பிளிப் போர்வை. மகன் மஸ்கட்டில் இருந்து முதல் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது, பெரிய ரோஜாப்பூ போட்டது. விலை உயர்ந்தது என்று ஒருநாள்கூடப் போர்த்தாமல் பையோடு அலமாரியில் வைத்திருந்தார்.

ஜிப்பை எங்கள் முன்னால் இழுத்துத் திறந்தார்.

“கேனை இதுல சுத்திக்கிடுங்க தம்பி. சூடு ஆறாது” என்றார்.

மரியதாஸ் கடை வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலை மரியதாஸின் இறைச்சிக் கடை முன்னால், சர்ச்சில் முதல் பூசை முடிந்து வந்த கூட்டம் நின்றது. எல்லோர் கையிலும் துணிப்பை. என் கையில் மட்டும் ரோஜாப்பூக் கம்பிளி சுற்றிய பால் கேன். பிறந்த குழந்தையைத் தூக்கி வந்தவன் மாதிரி நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் எட்டி எட்டிப் பார்த்தார்.

என் முறை வந்தது. எத்தனை கிலோ என்று மரியதாஸ் கேட்டார். கறி வேண்டாம், வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீர் வேண்டும் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். வரிசை முழுக்க அமைதியாகக் கேட்டது.

“பகவதிக்க பசுவா? நெத்தியில நிலா உள்ளவளா?” என்றார். “எனக்க பேத்தி அந்தப் பாலுல்லா குடிக்கா.”

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. வரிசையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பின்பக்கம் போனார். அப்போதுதான் இறக்கிய இரைப்பையைத் திறந்து, அலமாரியில் இருந்த புதுத் துவர்த்துத் துண்டு ஒன்றை எடுத்து உதறி, அதில் அள்ளிப் போட்டுப் பிழிந்தார். பச்சையாக, நுரையோடு, கையில் பட்டால் சுடுகிற மாதிரி வந்தது. குளத்துச் சேற்று வாசனை. வரிசையில் நின்ற பெரியவர் வந்து கேனைச் சாயாமல் பிடித்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கேனை வைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு ஓட்டினேன். வழியில் தெரிந்த ஒருவர் கைகாட்டி நிறுத்தி, எங்கே விருந்து, கேனில் பாயசமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டர் ஷைனி குழாயோடு காத்திருந்தார். அம்பிளியின் வாய் வழியாகக் குழாயை இறக்கி, புனல் வைத்து, கேனில் இருந்ததை மெல்ல மெல்ல ஊற்றினார். அக்கா அவள் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். கடைசிச் சொட்டு வரை போனது. கம்பிளியில் பச்சைக் கறை படிந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

பிறகு என்ன? காத்திருப்புதான்.

கழுத்து

இப்படித்தான் நாங்கள் எல்லோரும் தொழுவத்தில் நின்று ஒரு கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் இருந்து யாரும் சாப்பிடவில்லை.  டாக்டர் அவ்வப்போது ஸ்டெதஸ்கோப்பை அம்பிளியின் இடது விலாவில் வைத்துக் கேட்பார், ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுவார். எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். பொடி விற்கப் போன எத்தனையோ வீடுகளில் மாடு செத்திருக்கிறது, வருத்தப்பட்டிருக்கிறேன், அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அன்று அப்படிப் போகமுடியாது என்று எனக்குத் தெரிந்தது. அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பசுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதோ நாலாவதோ தடவை ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது டாக்டர் அதை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே உருளுகிறது என்று மெதுவாகச் சொன்னார்.

முதலில் ஏப்பம் வந்தது. நீளமான, நாற்றமான, எட்டுப் பேர் முகத்திலும் அடித்த ஏப்பம். வாழ்க்கையில் அதைவிட நல்ல வாசனையை நான் முகர்ந்ததில்லை. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

பிறகு அம்பிளி தலையைத் தூக்கினாள். கழுத்தைக் கொஞ்சம் நீட்டினாள். தாடைக்குக் கீழே, தோலுக்கு அடியில், எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய ஒரு உருண்டை மெல்ல ஏறுவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வாய்க்கு வந்து சேர்ந்ததும் அவள் தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது.

“ஏட்டி,” என்றார் அக்கா, பசுவைப் பார்த்து. “என்னைக் கொன்னுப் போட்டியே.”

சொல்லிவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். டாக்டரும் அழுதார், குழாயைக் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய். நான் அழுததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சாயங்காலம் நல்ல வைக்கோல் கொஞ்சமும், டிரம்மில் இருந்த குளத்துப் புல் ஒரு பிடியும் அவள் முன்னால் வைத்தோம். வைக்கோலை மூக்கால் தள்ளினாள். புளித்த புல்லை நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டாள். முந்தின நாள் என்னைக் கேள்வி கேட்டவள் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய், காற்று உள்ளே போய்விடும் என்று டிரம்மின் மூடியை இறுக்கி மூடினாள்.

தாணு அண்ணாச்சி

செவ்வாய்க்கிழமை நான் மறுபடி போயிருந்தபோது தாணு அண்ணாச்சி வந்தார். ஓய்வு பெற்றவர், பஞ்சாங்கத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்து ஒரு வீடு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை பால்காய்ச்சு. அம்பிளிக்கு மாசங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார்.

தொழுவத்தில் இருந்த பெண்கள் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார்கள். வயிற்று உப்புசம், சரியாகிவிட்டது என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை.

அக்கா கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகச் சொன்னார்.

“அண்ணாச்சி, இவ பொழைச்சது எருமைக்க வயித்து வெள்ளத்துல. மரியதாஸ் கடையில இருந்து கொண்டாந்தது. உங்க வீட்டுக்கு வேண்டாம்னா வேற பசுவப் பாத்துக்கிடுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

கடைசி வாக்கியம் பொய். அவர் கை கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தது.

 அண்ணாச்சி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். அம்பிளிக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், உட்காரவே நேரம் எடுத்தது.

“இப்ப அசைபோடுதாளா?” என்று கேட்டார்.

“போடுகா.”

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் மென்று விழுங்கினாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு கழுத்தில் உருண்டை ஏறியது. அண்ணாச்சியின் தலையும் அதோடு சேர்ந்து மேலே போனது.

“அப்ப வெள்ளிக்கிழமை காலத்த கூட்டிட்டு வா,” என்றார். “ஒரு மணி அரிசி அவ வாயில படாது. வாசல்ல நான் நிக்கேன். அந்தக் குளத்துப் புல்ல ஒரு கூடை கொண்டு வா. வாறவங்க கையில அதைக் குடுப்போம்.”

 அக்கா கயிற்றை முறுக்குவதை விட்டுவிட்டு, அது ஒருபாடு நாறுமே அண்ணாச்சி, புது வீடு அல்லவா என்றார்.

அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“பசு வீட்டுக்குள்ள வந்தா சாணியும்தான் போடும்,” என்றார். “அதுக்கு மூக்கையா பொத்துகோம்?”